யாருக்கு எந்த மாதம் ஆகாது

1. கறிபஃப் கொடுத்துச் சொன்ன பாடம்

வெளிநாட்டுக்காரர்களோடு எப்படி வியாபாரம் செய்வது என்று எங்கள் ஆபீஸில் ஒருமுறை பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். ஒரு நாள் முழுக்க நடந்தது. காப்பி, கறிபஃப் எல்லாம் உண்டு. வகுப்பெடுத்த பெண்மணி நாட்டுக்கு ஒரு ஸ்லைடு போட்டார். ஜெர்மானியர் நேரம் தவற மாட்டார். சீனருக்கு எல்லார் முன்னாலும் மானம் போகக்கூடாது. இந்தியர் நேர விஷயத்தில் கொஞ்சம் அப்படி இப்படி. அவர் தலையாட்டுவதை நம்பிச் சரக்கு ஏற்றாதீர்கள்.

இந்தியர் ஸ்லைடு வந்ததும் மொத்த ஆபீஸும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

நான் இந்திராணி. ஆபீஸில் எல்லாருக்கும் ராணி. பம்ப், வால்வு விற்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக எக்ஸ்போர்ட் பார்க்கிறேன். சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஆபீஸ். மார்சிலிங்கில் ரயில் ஏறி, டோபி காட்டில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி நடந்தால் ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் என் நாற்காலியில் இருப்பேன். ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. அப்பாவே இந்த ஊரில் பிறந்தவர். இருந்தும் அந்த ஸ்லைடுக்கு ஆள் நான்தான்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "அக்கா, ஓவர்சீஸ் கிளையன்ட்டை எப்படி ஹேண்டில் பண்றது, கொஞ்சம் டிப்ஸ் சொல்லுங்களேன்" என்று கேட்கிறார்கள். டிப்ஸ் எல்லாம் என்னிடம் கிடையாது. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

2. நான் பாட்டுக்குக் குறித்த தேதி

எங்கள் முதலாளி மிஸ்டர் கோ. நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் பேசுவது ஆங்கிலம். வாக்கியக் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்கு வருடம் முழுக்க பம்ப் தேவைப்பட்டது. அங்கே வாங்கும் பிரிவின் தலைவர் பெயர் ஸ்டெஃபன். செய்து கொடுப்பவர் கோயம்புத்தூரில் ஃபேக்டரி வைத்திருக்கும் கதிர்வேல். நடுவில் நாங்கள். மூன்று பேரும் சேர்ந்து மூன்று வருட ஒப்பந்தம் போட வேண்டும்.

கதிர்வேலைக் கண்டுபிடித்ததே நான்தான். கோயம்புத்தூருக்குப் போய் இரண்டு நாள் அவர் ஃபேக்டரியிலேயே இருந்து பார்த்தேன். ஒரு பம்ப் டெஸ்டில் லேசாக அதிர்ந்தது. கேட்பதற்கு முன்னாலேயே அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, "இது போகாதுங்க, உருக்கிப்போடோணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஜெர்மன் தரத்துக்குச் சோதனை செய்யப் புதிதாக ஒரு டெஸ்ட் பெட் வேண்டும் என்றேன். "ஆர்டர் உறுதிங்களா?" என்று கேட்டார். "என்னை நம்புங்க சார்" என்றேன். நம்பினார். டெஸ்ட் பெட் கட்டினார், இருபது பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்.

ஸ்டெஃபன் ஜூலை முப்பத்தொன்றுக்குள் மூன்று கையெழுத்தும் வேண்டும் என்றார். நான் காலெண்டரைப் பார்த்து ஜூலை இருபத்தைந்து என்று குறித்தேன். யாரையும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் மெயில் போட்டேன். கதிர்வேலுக்கு மட்டும் போனும் அடித்துச் சொன்னேன்.

"இருபத்தஞ்சுங்களா..." என்று இழுத்தார். "சரிங்க மேடம், பண்ணிக்கலாமுங்க."

அந்த இழுப்பு என் காதில் விழத்தான் செய்தது. நான்தான் கண்டுகொள்ளவில்லை.

3. ஆடிட்டர், ரப்பர் ஸ்டாம்ப், முழங்கால்

இருபத்தைந்தாம் தேதி கதிர்வேலின் கையெழுத்து வரவில்லை. கேட்டால், ஆடிட்டர் ஊரில் இல்லை என்றார். மறுநாள், கம்பெனி ரப்பர் ஸ்டாம்ப் தேய்ந்துபோய்ப் புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறது என்றார். அதற்கும் மறுநாள் முழங்கால் வலி, டாக்டரிடம் போயிருந்தேன் என்றார்.

"சார், முழங்காலாலயா கையெழுத்துப் போடப் போறீங்க?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

மிஸ்டர் கோ என் மேசைக்கு வந்து நின்றார். "ராணி, உங்க ஆளுங்க எப்பவும் இப்படித்தான்லா. நீ தமிழ்தானே, நீ பேசினா முடியும்னு நினைச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து மேசைப் பெண்ணிடம், "அந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்மா, ஒரு சொல்லு, ஒரு நேரம் கிடையாது" என்று புலம்பினேன். ஸ்லைடு போட்ட பெண்மணி சொன்னதையே, காப்பியும் கறிபஃபும் இல்லாமல், நான் ஓசியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

4. சரஸ்வதி கேட்ட கேள்வி

இருபத்தொன்பதாம் தேதி காலை மறுபடி போன் அடித்தேன். கதிர்வேலின் மனைவி சரஸ்வதி எடுத்தார். ஃபேக்டரி ஆபீஸைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் பொறுமை இழந்திருந்தேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அவருக்கு இந்த ஆர்டர் வேணுமா, வேணாமா?"

"ஏனுங்க, வேண்டாமுன்னா டெஸ்ட் பெட் எதுக்குங்க கட்டறோம்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆடிங்க. ஆடியில போயி யாருங்க புதுசா கையெழுத்துப் போடுவாங்க? ஆவணி ஒண்ணாந்தேதி பொறந்தா அடுத்த நிமிஷமே போட்டுக் குடுத்துருவாருங்க."

என் கண் மேசையில் இருந்த காலெண்டருக்குப் போனது. அவர் தொடர்ந்தார்.

"இது உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்களும் தமிழ்தானுங்களே?"

ஆடி எனக்குத் தெரியாதா! ஆடி வெள்ளிக்கு ஆபீஸ் முடிந்து நேரே சிராங்கூன் ரோட்டில் அம்மன் கோவிலுக்குப் போகிறவள் நான். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஆடி தாண்டித்தான் நாள் பார்த்தோம். ஆனால் கல்யாணத்துக்குத்தான் ஆடி, காண்டிராக்டுக்கு இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். வெள்ளைக்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். நான் தமிழ் என்ற தைரியத்தில், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டேன்.

"அவர் ஏன்க்கா என்கிட்ட நேரா சொல்லலை?"

"சிங்கப்பூர்க்காரங்க, ஜெர்மன்காரங்க. சொன்னாச் சிரிப்பாங்கன்னு கூச்சப்பட்டுட்டாருங்க. பட்டிக்காட்டானுக்கு எதுக்கு எக்ஸ்போர்ட்டுன்னு நெனச்சுருவாங்கன்னு ஒரு வாரமா ஒழுங்காச் சாப்புடக்கூட இல்லீங்க."

அந்தக் கூச்சம் என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும். தைப்பூசத்துக்கு இந்த ஊரில் பொது விடுமுறை கிடையாது. வருடா வருடம் நான் பால்குடம் எடுத்து டேங்க் ரோடு முருகன் கோவில்வரை நடக்கிறேன். லீவு ஃபாரத்தில் காரணம் என்ற கட்டத்தில் வருடா வருடம் "பர்சனல்" என்றுதான் எழுதியிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான். கதிர்வேல் மூன்று நாள் சொன்ன பொய்யை நான் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

5. அனுப்ப மாட்டேன்

அன்று பிற்பகல் வீடியோ மீட்டிங். ஸ்க்ரீனில் ஸ்டெஃபன், அறையில் மிஸ்டர் கோவும் நானும். நான் மறைக்காமல் சொன்னேன். தேதி குறித்தது என் தப்பு, தமிழ்நாட்டில் பலரும் ஆடி மாதம் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், ஆகஸ்ட் நடுவில் ஆடி முடிந்துவிடும் என்றேன்.

ஸ்டெஃபன் புருவத்தைத் தூக்கினார். "ஒரு நம்பிக்கைக்காக மூணு வருஷ ஒப்பந்தம் காத்திருக்கணுமா?"

மிஸ்டர் கோ சிரித்தார். "மூடநம்பிக்கைலா. ராணி, அவருக்கு மெயில் போடு. முப்பத்தொண்ணுக்குள்ள கையெழுத்து வரலைன்னா வேற ஃபேக்டரி. இன்னிக்கே போடு."

இருபது பேர், ஒரு டெஸ்ட் பெட், "என்னை நம்புங்க சார்" என்று நான் சொன்னது எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. சண்டை போடும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. வேறு தேதிதான் கேட்டேன்.

"செப்டம்பர் முதல் வாரம் வச்சுக்கலாமா, மிஸ்டர் கோ?"

"செப்டம்பரா? முடியாது. ஷெட்யூல் டைட்."

"ஆகஸ்ட் கடைசி வாரம்?"

"அதுவும் டைட்."

எனக்குப் பொறி தட்டியது. சீனர்களின் ஏழாம் மாதம், செத்தவர்கள் திரும்பி வருவதாக நம்பும் பேய் மாதம். இருபத்தாறு வருடத்தில் அந்த மாதம் மிஸ்டர் கோ ஒரு ஒப்பந்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆபீஸுக்குக் கீழே நடைபாதையில் அவர் ஊதுபத்தி ஏற்றி, ஆரஞ்சு வைத்து, காகிதப் பணம் எரிப்பார். அந்தச் சாம்பலை மிதிக்காமல் சுற்றிப் போவது எனக்குப் பழக்கம். நான் அதற்காக ஒருநாளும் சிரித்ததில்லை.

"சரி. ஸ்டெஃபன், ஆகஸ்ட் நடுவுல?"

"ஆகஸ்ட்ல மூணு வாரம் நான் லீவு. என் போன் ஆஃப்ல இருக்கும். எங்க ஆபீஸ்ல பாதிப்பேர் இருக்க மாட்டாங்க."

"உங்களுக்குப் பதிலா வேற யாராவது?"

"ராணி, ஆகஸ்ட்ன்னா ஆகஸ்ட்தான்" என்றார், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்!

"ஜூலை முப்பத்தொண்ணுங்கிற கெடு எங்கேர்ந்து வந்துச்சு, ஸ்டெஃபன்? உங்க லீவுலேர்ந்து வந்துச்சு. மிஸ்டர் கோ, உங்களுக்கு ஒரு மாசம் ஆகாது. ஏழாம் மாசம்தானே? இருபத்தாறு வருஷமா எனக்குத் தெரியும், நான் வாயைத் திறந்ததில்லை. ஸ்டெஃபனுக்கு ஒரு மாசம் ஆகாது. கதிர்வேலுக்கும் ஒரு மாசம் ஆகாது. உங்க ரெண்டு பேர் மாசத்துக்கும் பேரு ஷெட்யூல். அவர் மாசத்துக்கு மட்டும் பேரு மூடநம்பிக்கை. இது எந்த ஊர் நியாயம்?"

"லீவும் நம்பிக்கையும் ஒண்ணு இல்லை" என்றார் ஸ்டெஃபன்.

"அப்படீன்னா அதையே எழுதி நீங்களே அவருக்கு அனுப்புங்க. உன் மாசத்தைவிட என் மாசம் பெரிசு, அதனால உன்னை நீக்குறோம்னு எழுதுங்க. நான் அந்த மெயிலை அனுப்ப மாட்டேன்."

மிஸ்டர் கோவின் முகம் சிவந்துவிட்டது. "நீ அனுப்பலைன்னா இந்த அக்கவுண்ட்டை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

"கொடுங்க. அவங்களும் அனுப்புறதுக்கு முன்னாடி காரணம் கேட்பாங்க."

ஓய்வு வயது தாண்டிய பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் வேலை என்னுடையது. புதுப்பிக்க வேண்டாம் என்று அவர் நினைத்தால் அதோடு முடிந்தது. அன்று மாலை ரயிலில் உட்கார இடம் இருந்தும் மார்சிலிங்வரை நின்றுகொண்டே போனேன்.

6. ஒரு தாள்

மறுநாள் காலை ஒரே ஒரு தாளில் ஒரு அட்டவணை போட்டேன். மூன்று பெயர். பெயருக்கு நேரே, "கையெழுத்துப் போட முடியாத நாட்கள்", "காரணம்". தாளின் தலையில், "தேதியைக் கேட்காமல் குறித்தது என் தவறு, ராணி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பேருக்கும் ஒரு பிரதி கொடுத்து, அவரவர் கையால் நிரப்பித் தர வேண்டும் என்றேன்.

கதிர்வேலுக்குப் போன் அடித்தேன். "சார், முழங்காலைப் பத்திப் பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க. இந்தத் தடவை காரணத்தை அப்படியே எழுதுங்க."

"ஜெர்மன்காரன் சிரிப்பானுங்களே, மேடம்."

"சிரிக்கட்டும் சார். அவர் எழுதுறதைப் பார்த்து நாமளும் சிரிச்சுக்கலாம்."

அவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கால் மணி நேரத்தில் தாள் வந்தது. ஆடி மாதம், என் அப்பாவும் போட்டதில்லை, நானும் போட மாட்டேன் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். கூச்சப்பட்ட மனிதரின் எழுத்து மாதிரியே இல்லை.

ஸ்டெஃபன் அன்று மாலையே எழுதிவிட்டார். குடும்பத்தோடு ஏரிக்கரையில் விடுமுறை, ஆகஸ்ட் முதல் மூன்று வாரம்.

மிஸ்டர் கோ எழுதவில்லை. தாள் அவர் மேசையில் கிடந்தது. என்னோடு பேசவும் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி வந்தது. அவர் அந்த மெயிலை வேறு யாரையும் அனுப்பச் சொல்லவில்லை, தானும் அனுப்பவில்லை. சாயங்காலம் என் மேசையில் அந்தத் தாளை வைத்துவிட்டு நடந்தார். "ஏழாம் மாதம். கையெழுத்துக் கிடையாது" என்று எழுதியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில், "அம்மா சொன்னது" என்று சின்னதாக ஒரு வரி. எனக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் கூடவே இருந்தும் எனக்கு அது தெரியாது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சந்து தெரிந்தது. அந்த வருடம் சீனக் காலெண்டரில் ஒரு மாதம் கூடுதலாக வந்து, ஏழாம் மாதம் தள்ளிப் போயிருந்தது. ஆடி முடிவதற்கும் ஏழாம் மாதம் தொடங்குவதற்கும் நடுவில் ஐந்து வேலைநாட்கள் கிடைத்தன. குறுக்கே நின்றது ஸ்டெஃபனின் ஏரி மட்டும்தான். மூன்று தாளையும் ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "ஆக, விட்டுக்கொடுக்க வேண்டிய ஆள் நான்தானா?"

"யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலை, ஸ்டெஃபன். மத்த ரெண்டு பேரும் ஒளிக்காம எழுதியிருக்காங்க. உங்க காரணம்தான் ஒசத்தின்னு தோணுச்சுன்னா, அதையும் அங்கேயே கீழே எழுதிடுங்க. நான் அப்படியே அனுப்பி வைக்கிறேன்."

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

"பத்து."

"சரி. பத்துக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. என் மனைவிகிட்ட நீங்களே விளக்கம் சொல்லுங்க."

"நம்பர் கொடுங்க, சொல்றேன்" என்றேன். அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார்.

ஆவணி பிறந்த அதே வாரம் புதன்கிழமை. கோயம்புத்தூரில் காலை பத்தே முக்கால், இங்கே மதியம் ஒன்றேகால், ஏரிக்கரையில் காலை ஏழேகால். கதிர்வேல் வேட்டி கட்டி, தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சரஸ்வதி பக்கத்தில் நிற்கக் கையெழுத்துப் போட்டார். மிஸ்டர் கோ சிவப்புச் சட்டையில் போட்டார். ஸ்டெஃபன் அரைக்கால் சட்டையோடு, தலைகூடச் சீவாமல் போட்டார். சிங்கப்பூர் நேரத்துக்கு அது ராகு காலம். அதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

7. லீவு ஃபாரம்

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். எப்போது முடியும் என்று யாரையும் முதலில் கேட்காதீர்கள். எப்போது முடியாது என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்களுக்கு முடியாததை நீங்கள் சொல்லுங்கள். ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு மாதம் ஆகாதவர் உலகத்தில் எல்லா ஊரிலும் இருக்கிறார். சத்தமாகச் சொல்லும் தைரியம் சிலருக்குத்தான் கிடைக்கிறது. நாடு நாடாக ஸ்லைடு போட்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களைப் பார்த்து யாராவது சிரித்தால், நான் சிரித்ததுபோல நீங்களும் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

அந்த மாதக் கடைசியில் நான் மூன்று பேரையும் உண்மையை எழுத வைத்தேன். என் ஃபாரம் மட்டும் பாக்கி இருந்தது.

அடுத்த தைப்பூசத்துக்கு லீவு ஃபாரத்தை எடுத்தேன். பழக்கத்தில் கை "பர்சனல்" என்று எழுத ஆரம்பித்தது. அதை அடித்துவிட்டு, "தைப்பூசம். பால்குடம் எடுத்து டேங்க் ரோடுவரை நடக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் முழுசாக எழுதி, மிஸ்டர் கோவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தார். "வருஷா வருஷம் இந்த நேரத்துல நீ எடுக்கிற பர்சனல் லீவு இதுதானா?"

"இதுதான்."

"இருபத்தாறு வருஷமாவா?"

"இருபத்தாறு வருஷமா."

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் ஷெட்யூல் டைட்டுன்னு சொன்னீங்க?"

அவர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து, வருடா வருடம் ஏழாம் மாத நாட்களுக்குக் கட்டம் போடும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த காலெண்டர் பக்கம் போனார்.

"எந்த நாள்லா?" என்றார். நான் பக்கத்தில் போய் விரலை வைத்துக் காட்டினேன்.